6 அங்குலச் சுவரில் மாடம் வெட்டலாமா?

திருகோணமலை உவர்மலையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். படுக்கையறையில் கட்டில் தலைமாட்டுச் சுவரில் 4 அடி அகலத்தில், 2 அடி உயரத்தில் ஒரு மாடம் அமைத்து, அப்பா சேர்த்து வைத்த சங்குகளையும் அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கையும் இருவரின் படத்தையும் அதில் வைக்க விருப்பம். சுவர் 6 அங்குலப் புளொக் கல். சுவருக்கு அந்தப் பக்கம் ஹோல். மேலே ஓட்டுக்கூரை. "சின்ன ஓட்டைதானே, லிண்டல் ஒன்றும் தேவையில்லை, ஒரு நாளில் முடித்துத் தருகிறேன்" என்று மேசன் சொல்கிறாராம். வெட்டலாமா, எவ்வளவு ஆழம் கிடைக்கும், உள்ளே லைற் போடலாமா என்பதுதான் கேள்வி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. மாடம் வைக்கலாம். 4 அடிக்கு ஒரே வாயாக, அதாவது ஒரே திறப்பாக, வெட்ட வேண்டாம். லிண்டல், அதாவது வாய்க்கு மேலே பாரத்தைத் தாங்கக் குறுக்கே நிற்கும் கொங்கிறீட் கட்டை, இல்லாமல் எந்த அகலத்துக்கும் வெட்ட வேண்டாம். ஒரு நாளில் முடியும் வேலையும் இது இல்லை. அம்மாவின் குத்துவிளக்கு அந்தச் சுவருக்குள் நிற்காது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஏன் என்று விளங்கிக்கொண்டால் மேசனிடம் நீங்களே தெளிவாகப் பேசலாம். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் பழைய வீடுகளில் மாடம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஒன்றரை அடித் தடிப்பில் கட்டிய சுவர். அதில் முக்கால் அடி ஆழத்துக்குக் குழிவு விட்டாலும் பின்னால் இன்னொரு முக்கால் அடி மிச்சம் நிற்கும். சுவர் எழும்பும்போதே மாடத்துக்கு இடம் விட்டு, மேலே கூம்பாகவோ வளைவாகவோ கல்லைச் சாய்த்து மூடினார்கள். அந்தக் கூம்பு அழகுக்கு மட்டும் வந்ததில்லை. மேலே இருக்கும் பாரத்தை இரண்டு பக்கமும் பிரித்து இறக்கியது அதுதான். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டும்போது அந்தச் சுவரின் தடிப்பை ஒருமுறை பாருங்கள். அப்படிப்பட்ட சுவரில் ஒரு மாடம் என்பது யானைக்கு ஒரு கவளம். உங்கள் வீட்டுச் சுவர் பூச்சோடு சேர்த்து 7 அங்குலம். அதுவும் உள்ளே வெறும் பொந்து உள்ள கல். பழைய மாடத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்தச் சுவரை வெட்டப் போனால்தான் வில்லங்கம் வருகிறது.

சரி, பாரக் கணக்கைப் பார்ப்போம். சுவரில் ஒரு வாய் திறந்தால் அதற்கு மேலே உள்ள சுவர் முழுவதும் அப்படியே கீழே வந்து உட்காராது. கல் வரிசைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இருப்பதால், வாய்க்கு மேலே ஒரு முக்கோணம் அளவுதான் ஆதாரம் இல்லாமல் தொங்கும். மிச்சம் தானாகவே இரண்டு பக்கமும் சாய்ந்து இறங்கிவிடும். 4 அடி வாய்க்கு அந்த முக்கோணம் ஏறக்குறைய மூன்றரை அடி உயரம் வரும், பரப்பு 7 சதுர அடி. பூசிய 6 அங்குலப் புளொக் சுவரில் அது ஏறக்குறைய 150 முதல் 200 கிலோ. இரண்டு சீமெந்து மூட்டை சேர்ந்தாலே 100 கிலோதான், நினைத்துக்கொள்ளுங்கள். இதையே 2 அடி வாயாகக் குறைத்தால் முக்கோணத்தின் அகலமும் பாதி, உயரமும் பாதி. பாரம் காலாகிவிடும், 40 அல்லது 50 கிலோ. மாடத்தின் உயரம் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 2 அடி உயரமோ 4 அடி உயரமோ, மேலே தொங்கும் பாரத்தைத் தீர்மானிப்பது அகலம்தான். அதனால் இந்தச் சுவரில் படுத்த மாடத்தை விட நின்ற மாடம் பாதுகாப்பு. ஒன்றரை அடி அகலத்தில் இரண்டு மாடம், நடுவில் ஒரு முழுக்கல் அகலத்துக்குச் சுவர் விட்டு வைத்தால் பார்வைக்கும் குறைவில்லை, சுவருக்கும் பாரமில்லை.

இந்தக் கணக்கு மேலே வெறும் சுவர் மட்டும் இருந்தால்தான் சரி. கூரை மரம் ஏதாவது அந்த முக்கோணத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தால் கதை வேறு. நம் பக்கத்து ஓட்டுவீடுகளில் ஹோலுக்கும் அறைக்கும் இடையில் நிற்கும் சுவர்தான் பெரும்பாலும் முகடு வரைக்கும் ஏறி முகட்டு வளையை, அதாவது கூரையின் உச்சியில் ஓடும் நீண்ட மரத்தை, தாங்கி நிற்கும். சீலிங் அடித்திருந்தால் கீழே இருந்து இது தெரியாது. ஒரு தகட்டைக் கழற்றி, டோர்ச் அடித்து, வளை எந்த இடத்தில் சுவரில் இறங்குகிறது என்று பாருங்கள். இறங்கும் இடத்துக்கு நேர் கீழேயும் இரு புறமும் மூன்று அடிக்குள்ளும் வாய் திறக்கவே வேண்டாம். ஒரு வளை மூலமாகக் கூரைப் பாரத்தில் பெரிய பங்கு ஒரே புள்ளியில் இறங்கக்கூடும். ஓடு மழையில் நனைந்தால் அந்தப் பாரம் இன்னும் கூடும்.

அடுத்தது தூணும் பீமும். இப்போது கட்டும் வீடுகளில் மூலைகளிலும் நீண்ட சுவரின் நடுவிலும் கொங்கிறீட் தூண் நிற்கும். கதவு மட்டத்தில், அதாவது ஏறக்குறைய 7 அடி உயரத்தில், லிண்டல் பீம் வீட்டைச் சுற்றி ஓடியிருக்கும். சுவரைக் கைமுட்டியால் தட்டிக்கொண்டு போங்கள். பொந்துக்கல் "டொக் டொக்" என்று வெறுமையாகக் கேட்கும், தூண் இருக்கும் இடம் செத்த சத்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் 6 மில்லிமீற்றர் பிற்றால் ஒரு துளை போட்டுப் பாருங்கள். புளொக் என்றால் ஒன்றேமுக்கால் அங்குலம் போனதும் பிற் திடீரென்று வெறுமைக்குள் விழும். கொங்கிறீட் என்றால் அப்படி விழாது, இறுக்கமாகவே இருக்கும். தூணையும் பீமையும் ஒரு அங்குலம்கூடச் செதுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கம்பிக்கு மேலே ஒரு அங்குலக் கொங்கிறீட்தான் காவல். கடல் காற்று வீசும் ஊரில் அந்தக் காவலைக் குறைத்தால் கம்பி துருப்பிடித்து வீங்கி, கொங்கிறீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

பீம் சுவர் முழுக்க ஓடியிருந்தால் அதையே உங்களுக்குச் சாதகமாக்கலாம். மாடத்தின் மேல்விளிம்பைப் பீமின் அடியில் கொண்டுபோய் முட்ட வைத்தால் பீமே லிண்டல். புதிதாக ஒன்றும் செருக வேண்டியதில்லை. அப்போது மாடம் தரையில் இருந்து மூன்றரை அடியில் தொடங்கி 7 அடி வரைக்கும் போகும், நடுவில் இரண்டு தட்டு வைக்கலாம். ஒன்றரை அடி அகலமும் மூன்றரை அடி உயரமுமாக ஒரு மாடம் தலைமாட்டின் ஒரு பக்கத்தில் நின்றால் அறை உயர்ந்த மாதிரித் தெரியும். இப்படி மூன்று வீடுகளில் செய்திருக்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். ஆனால் பீம் இருக்கிறது என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். பல வீடுகளில் கதவு யன்னலுக்கு மேலே மட்டும் துண்டு லிண்டல் போட்டிருப்பார்கள். தட்டியும் துளைத்தும் உறுதி செய்யுங்கள்.

வயரையும் பைப்பையும் பற்றி ஒரு வார்த்தை. சுவிட்சில் இருந்து வயர் நேரே மேலே ஏறும், பிளக்கில் இருந்து மேலேயோ பக்கவாட்டிலோ போகும். தலைமாட்டுச் சுவரில் கட்டில் லைற்றுக்கு சுவிட்ச் இருந்தால், அதற்கு நேர் மேலேயும் நேர் பக்கத்திலும் வயர் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டும் நாளில் அறை சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இருக்காமல் மெயின் சுவிட்சையே இறக்கிவிடுங்கள். கிரைண்டருக்கு வேண்டிய கரண்டைப் பக்கத்து வீட்டில் இருந்து எடுக்கலாம்.

இனி ஆழம். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பொந்துக் கல்லைப் பாதி ஆழத்துக்குச் செதுக்கி மாடம் எடுக்க முடியாது. முன்பக்க ஓட்டை உடைத்தால் உள்ளே வெறும் பொந்து, பின்னால் ஒன்றேகால் அங்குலத்தில் ஒரு மெல்லிய ஓடு. சுத்தியல் அடியில் அதுவும் வெடித்து ஹோல் பக்கத்துப் பூச்சு பாளம் பாளமாக விழும். ஆகவே 6 அங்குலப் புளொக் சுவரில் மாடம் என்றால் முழுவதும் வெட்டித் திறந்து, ஹோல் பக்கத்தைப் புதிதாக மூடுவது என்றுதான் பொருள். 2 அங்குலத் தடிப்பில் கம்பிவலை வைத்து வார்த்த பலகை மாதிரி ஒரு கொங்கிறீட் சிலாப் பின்னால் நிற்கட்டும். அதற்கு இரண்டு பக்கமும் அரை அங்குலப் பூச்சு. மொத்தம் 7 அங்குலத்தில் 3 போனால் உங்களுக்கு மிஞ்சுவது 4 அங்குலம். பின்னால் சீமெந்து பைபர் போர்ட் அடித்தால் ஐந்தரை வரைக்கும் கிடைக்கும். ஆனால் ஹோல் பக்கத்தில் அந்த இடத்தில் ஆணி அடிக்க முடியாது, பேச்சுச் சத்தமும் அறைக்குள் வரும். படுக்கையறைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

4 அங்குலத்தில் என்ன நிற்கும்? படம் நிற்கும். சங்கு நீளவாட்டில் படுக்கும். சின்னக் காமாட்சி விளக்கு நிற்கும். புத்தகத்தை முதுகு தெரிய அடுக்க முடியாது, முன்பக்கம் தெரிய நிறுத்தலாம். குத்துவிளக்கின் அடித்தட்டு, சிறியதிலேயே 6 அங்குலம் இருக்கும். விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பித்தளை உங்கள் தலைமாட்டுக்கு மேலே வேண்டாம். கட்டிலுக்கு நேர் மேலே வரும் மாடத்தில் பாரமான எதையும் வைக்காதீர்கள். முன்விளிம்பில் அரை அங்குலத்துக்கு ஒரு தடுப்பு எழுப்பினால் சங்கு உருண்டு வராது.

உங்கள் சுவர் செங்கல்லில் கட்டிய 9 அங்குலச் சுவராக இருந்தால் பேச்சே வேறு. அதில் உட்பக்கத்து அரைக்கல்லை மட்டும் எடுத்தால் நாலரை அங்குல ஆழம் கிடைக்கும், பின்னால் நாலரை அங்குலச் சுவர் அப்படியே நிற்கும். குறுக்கே படுத்திருக்கும் கற்களை மட்டும் கிரைண்டரால் நடுவில் அறுக்க வேண்டும், சுத்தியலால் உடைக்கக் கூடாது. பழைய சுண்ணாம்புச் சுவர் உள்ளவர்கள் சீமெந்துக் கலவையால் மூடாமல் சுண்ணாம்புக் கலவையே பாவிக்க வேண்டும். இறுகிய சீமெந்துப் பூச்சு சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் அதைச் சுற்றிவந்து பழைய பூச்சை உதிர்க்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டுக்கு நான் எதைச் சொல்வேன்? குத்துவிளக்கும் வேண்டும், 4 அடி அகலமும் வேண்டும் என்றால் சுவரைத் தொடாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு பொய்ச்சுவர் எழுப்பி மாடத்தை அதற்குள் விடுங்கள். தலைமாட்டுச் சுவர் முழுக்க 8 அங்குல ஆழத்தில், மேலே ஏழு அடி வரைக்கும் ஒரு சட்டகம். அதில் உங்களுக்கு வேண்டிய அகலத்தில் வாய் விட்டு மிச்சத்தைப் பலகையால் மூடிவிடலாம். பார்ப்பவர்களுக்குச் சுவருக்குள் குடைந்த மாடம்தான் தெரியும். பாரம் தாங்கும் சுவர் பின்னால் அப்படியே இருக்கும். அறையில் 8 அங்குலம் போகும், அதை முதலில் அளந்து பாருங்கள். 10 அடி அறையில் ஆறரை அடிக் கட்டில் போட்டால் கால்மாட்டில் மூன்றரை அடி மிஞ்சும். அதில் 8 அங்குலம் போனாலும் 2 அடி 10 அங்குலம் நடக்க இருக்கிறது, அது போதும். 9 அடி அறை என்றால் யோசிக்க வேண்டும், அலுமாரிக் கதவு திறக்காமல் போகலாம்.

சட்டகத்துக்கு அலுமினியமோ கல்வனைஸ் தகட்டு சனலோ போடுங்கள். மரம்தான் வேண்டும் என்றால் முதிரை அல்லது முற்றிய வேம்பு. மலிவு மரம் போட்டுச் சுவரோடு ஒட்டி அடைத்தால் உள்ளே கறையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. சட்டகத்தின் அடியிலும் மேலும் காற்றுப்போக அரை அங்குல இடைவெளி விடச் சொல்லுங்கள். மூடும் பலகைக்கு ஜிப்சம் வேண்டாம். மார்கழி தையில் இங்கே உள்ள ஈரத்துக்கு ஜிப்சம் ஊறிப் புள்ளி விழும். சீமெந்து பைபர் போர்ட் பாரம் கூடினாலும் நின்று பிடிக்கும். திருகாணி எல்லாம் ஸ்ரெயின்லெஸ் ஆக இருக்கட்டும். சாதாரண ஆணி என்றால் பெயின்ற்றுக்கு மேலே துருப்புள்ளி எட்டிப் பார்க்கும்.

தரையோடு இருக்கும் அறை என்றால் சட்டகத்துக்குப் பதிலாக 4 அங்குலப் புளொக் கல்லிலேயே நாலு அடி உயரத்துக்கு ஒரு பொய்ச்சுவர் கட்டலாம். மேலே ஒரு திண்டு மாதிரித் தட்டு கிடைக்கும், நடுவில் மாடத்துக்கு வாய் விடலாம். அதற்கு மேலே பாரம் ஒன்றும் இல்லாததால் வாய்க்கு மேலே ஒரு கிரனைட் துண்டே போதும். கிரனைட் வெட்டும் கடைகளில் மிச்சமான வெட்டுத்துண்டு கேட்டால் கிடைக்கும், மாடத்தின் அடித்தட்டுக்கும் அதையே போடலாம். மேல்மாடி அறையில் இந்தக் கல் வேலை வேண்டாம். சிலாப்புக்கு அந்தப் பாரம் கணக்கில் இருந்திருக்காது.

எல்லாம் கேட்டும் சுவரையேதான் வெட்டப் போகிறீர்கள் என்றால், வேலை நடக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன். இதில்தான் நான் ஒருமுறை தவறு செய்தேன். உப்புவெளிப் பக்கத்தில் ஒரு வீட்டில் 3 அடி மாடம். முதலில் வாயைத் திறந்தோம், பின்னேரம் லிண்டலைச் செருகினோம், பார்க்கும்போது ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாரி முடிந்து போய்ப் பார்த்தால் மாடத்தின் இரண்டு மேல்மூலையில் இருந்தும் படிக்கட்டு மாதிரி வெடிப்பு கூரை நோக்கி ஏறியிருந்தது. வாய் திறந்திருந்த அந்தச் சில மணித்தியாலத்தில் மேலே இருந்த கல் ஒரு நூல் அளவு இறங்கியிருக்கிறது. லிண்டல் பிறகுதான் வந்து இறங்கிய சுவருக்கு அடியில் உட்கார்ந்தது. முழுவதும் உடைத்து என் செலவில் திருப்பிச் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒழுங்கு: லிண்டல் முதலில், வாய் பிறகு.

லிண்டலை இரண்டு கிழமைக்கு முன்பே முற்றத்தில் வார்த்து வைத்துவிடுங்கள். 4 அடி வாய் என்றால் 5 அடி நீளம், இரண்டு பக்கமும் 6 அங்குலம் சுவரில் உட்கார வேண்டும். அகலம் சுவரின் அகலமே, உயரம் 6 அங்குலம். 10 மில்லிமீற்றர் கம்பி அடியில் இரண்டு, மேலே இரண்டு. 20 அடிக் கம்பி ஒன்றை நாலாக வெட்டி நுனியைச் சரிபார்த்தால் கணக்காக இருக்கும். 6 மில்லிமீற்றர் கம்பியில் 6 அங்குலத்துக்கு ஒரு வளையம். கலவை சீமெந்து ஒன்றுக்கு இரண்டு மணல், நாலு முக்கால் அங்குலச் சல்லி. கால் மூட்டை சீமெந்து போதும். ஒரு கிழமைக்கு ஈரச் சாக்குப் போட்டு வைக்க வேண்டும். ஆனால் இந்த 5 அடி லிண்டல் 85 கிலோ வரும். சாரத்தில் நின்று தூக்கிச் செருக மூன்று பேர் வேண்டும். இதற்காகவும்தான் ஒன்றரை அடி மாடம் என்று சொல்கிறேன். அதற்கு இரண்டரை அடி லிண்டல் போதும், 4 அங்குல உயரத்தில் வார்த்தால் 30 கிலோவுக்குள் முடியும், இரண்டு பேர் ஏற்றிவிடுவார்கள்.

வெட்டும் நாளில் முதலில் லிண்டல் உட்காரும் இடத்துக்கு மட்டும் கிரைண்டரால் கோடு அறுத்து ஒரு வரிசைக் கல்லை எடுங்கள். அதற்கு முன்பே மேலே இரண்டு பக்கமும் பலகை வைத்து முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். லிண்டலைச் செருகி, மட்டம் பார்த்து, லிண்டலுக்கும் மேல் கல்லுக்கும் இடையில் உள்ள சந்தில் சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று என்ற கலவையைக் குறைந்த தண்ணீரில், பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்தில் குழைத்து, மரக்கட்டையால் அடித்து அடித்து இறுக்க வேண்டும். தளதளவென்று குழைத்தால் காய்ந்து சுருங்கி இடைவெளி விடும். பிறகு குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு கிழமை சும்மா விடுங்கள். அதன் பிறகே கீழே வாயைத் திறக்கலாம். இரண்டு பக்கப் பூச்சையும் கோட்டில் கிரைண்டரால் அறுத்துவிட்டுக் கல்லைப் பிரித்தால் ஹோல் பக்கம் சேதமாகாது. அறுக்கும்போது ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கட்டும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் தங்கும் தூசி. அறுப்பவர் துணியைக் கட்டிக்கொண்டு சமாளிக்காமல் சரியான மாஸ்க் போட வேண்டும். கட்டில், மெத்தை எல்லாவற்றையும் அறையை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள்.

பூச்சுக்கு ஆற்று மணல்தான். மகாவலி வந்து சேரும் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து மணல் நமக்குக் கிட்ட இருக்கிறது. அவசரத்துக்கு என்று கடற்கரை மணலை அள்ளிப் போடவே கூடாது. அதில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, பெயின்ற்றுக்குப் பின்னால் வெள்ளையாகப் பூக்கும், கம்பிவலையையும் அரிக்கும். மணலில் மண் கலந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி ஒரு இரவு வையுங்கள். மணலுக்கு மேலே படியும் சேற்றுப் படலம் மணல் உயரத்தில் 100க்கு 8 பங்கைத் தாண்டினால் கழுவித்தான் பாவிக்க வேண்டும். பழைய சுவரும் புது வேலையும் சந்திக்கும் கோட்டில் இரண்டு பக்கமும் 4 அங்குலம் ஏறும்படி கம்பிவலை அடித்துப் பூசுங்கள். வலை இல்லாத மாடத்தைச் சுற்றி ஒரு வருடத்துக்குள் படச் சட்டம் போட்ட மாதிரி வெடிப்புக் கோடு வந்துவிடும்.

பூசும் காலமும் முக்கியம். ஆனி ஆடியில் கச்சான் அடிக்கும்போது பூச்சு இறுகுவதற்கு முன்பே காய்ந்து வெடிக்கும். அந்த நாட்களில் யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஒரு நாளைக்கு மூன்று தரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு தொடங்கினால் எதிர்ப்பக்கத் தொல்லை, பூச்சு காயவே காயாது. மாசி பங்குனி நல்ல நேரம். பெயின்ற் அடிப்பதற்கு ஒரு மாதம் பொறுக்க வேண்டும். வெளிச்சுவரில் மாடம் நினைப்பவர்களுக்கும் ஒன்று: வாடை மழை நேரே வந்து அடிக்கும் வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும் குடைய வேண்டாம். மெலிந்த இடத்தால்தான் ஈரம் முதலில் உள்ளே வரும்.

லைற் போடலாம். 12 வோல்ற் எல்இடி ஸ்ரிப், மஞ்சள் வெளிச்சம், 2700 அல்லது 3000 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும். அதைவிட வெள்ளை என்றால் பித்தளை பச்சையடித்துத் தெரியும், படுக்கும் நேரத்தில் கண்ணையும் குத்தும். ஸ்ரிப்பை மாடத்தின் பின்சுவரில் ஒட்டாமல், மேல்தட்டின் முன்விளிம்புக்கு உட்புறம் மறைத்து, பின்னோக்கிச் சாய்த்து வையுங்கள். அப்போது வெளிச்சம் சங்கின் முகத்தில் விழும், கட்டிலில் படுத்திருப்பவருக்குப் பல்ப் தெரியாது. அலுமினியச் சனலுக்குள் ஒட்டினால் சூடு இறங்கி நீண்ட காலம் உழைக்கும். கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் அந்தச் சின்னப் பெட்டியைச் சுவருக்குள் புதைத்துப் பூசிவிடாதீர்கள். முதலில் பழுதாவது அதுதான். அலுமாரிக்குப் பின்னாலோ கட்டிலுக்குக் கீழேயோ கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். வயருக்குப் பைப் பூச்சுக்கு முன்பே போட வேண்டும் என்பதை மேசனிடமும் வயரிங்காரரிடமும் ஒரே நாளில் சொல்லிவிடுங்கள். ஒருவர் முடித்த பிறகு மற்றவர் வந்து உடைப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

அம்மாவின் விளக்கை அந்த மாடத்தில் ஏற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். படுக்கையறையில் ஏற்ற வேண்டாம் தங்கச்சி. மேலே நுளம்பு வலை தொங்குகிறது, விசிறி சுற்றுகிறது, வலை ஒருமுறை அசைந்து சுடரில் பட்டால் போதும். 8 அங்குலச் சட்டகப் பொய்ச்சுவர் போட்டால், கட்டிலுக்கு நேர் மேலே வராத பக்கத்தில் குத்துவிளக்கு தாராளமாக நிற்கும், எல்இடி வெளிச்சத்தில் பார்க்க அழகாகவும் இருக்கும். விளக்கீட்டு அன்றைக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் எடுத்துப் புளி போட்டு மினுக்கி, ஹோலிலோ வாசலிலோ ஏற்றிவிட்டு, ஆறிய பிறகு கொண்டுவந்து வையுங்கள். அதற்கு வசதியாக மாடத்தின் உட்புற உயரம் விளக்கின் உயரத்தை விடக் குறைந்தது 4 அங்குலம் கூட இருக்கட்டும். அடித்தட்டு தரையில் இருந்து மூன்றரை அடிக்கு மேலே போகாமல் இருந்தால் இரண்டு கையாலும் பிடித்து நேரே தூக்கலாம்.

இப்போதைக்கு மேசனிடம் நாள் குறிக்காதீர்கள். சீலிங் தகட்டைக் கழற்றி முகட்டு வளை எங்கே இறங்குகிறது என்று பாருங்கள், சுவரைத் தட்டிப் பென்சிலால் தூணையும் வயரையும் குறியுங்கள், விளக்கின் உயரத்தையும் அடித்தட்டையும் அளந்து எழுதுங்கள். அந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, லிண்டலை எப்போது செருகுவீர்கள் என்று மேசனிடம் கேளுங்கள். வாய் திறந்த பிறகு என்று சொன்னால் வேறொருவரைப் பாருங்கள்.